மறையூர் முனியறைகள்: இறந்தவர்க்கு ஒரு வீடு

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கில் உள்ளது மறையூர். அங்குள்ள பாறைமேடுகளில் பலகைக்கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு கனத்த மூடுகல்லை ஏற்றிய அறைகள் நிற்கின்றன. முனிவர்கள் தவமிருந்த இடம் என்று நம்பி ஊரார் இவற்றை 'முனியறை' என்றனர். தொல்லியலாளர் கணிப்பில் இவை பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள்.

வாழ்ந்தவர்களின் வீடுகள் மண்ணோடு போயின. மாண்டவர்களுக்குக் கட்டியதே நிற்கிறது. அத்தனை பாரத்தைத் தூக்கப் பல குடும்பங்கள் கூடியிருக்க வேண்டும். ஆகவே சாவு ஒரு வீட்டின் துயரமாக மட்டும் இருக்கவில்லை.

சாவை ஒரு சமூகம் எதிர்கொள்ளும் விதத்தை வேறிடத்திலும் காணலாம். பிரெஞ்சு ஆய்வாளர் ராபர்ட் எர்ட்ஸ், போர்னியோவின் தயாக் மக்களிடையே நிலவிய இரட்டை அடக்கத்தை, அதாவது ஒருவரையே இருமுறை அடக்கும் வழக்கத்தை, 1907இல் ஆராய்ந்தார். அவர்களுக்குச் சாவு ஒரு நொடியில் முடிவதன்று. உடல் எலும்பாகும் காலமெல்லாம் உயிர் வழியில் இருக்கிறது, இறுதிச் சடங்கே அதை முன்னோரிடம் சேர்க்கிறது. நம் பதினாறாம் நாள் காரியத்திலும் இத்தகைய எண்ணம் உண்டு.

சுடுதல், இடுதல், தாழியில் கவித்தல் உள்ளிட்ட ஐந்து முறைகளை மணிமேகலைக் காப்பியம் ஒரே இடத்தில் சொல்கிறது. முறை பலவானாலும், இறந்தவரை அப்படியே விட்டுவிடலாகாது என்ற கடமை ஒன்றே. சமயத்தின் வேர் கடவுளைவிட இந்தக் கடமையில் இருந்திருக்கலாம்.

முனியறைகள் பல சிதைந்துவிட்டன. காணச் செல்வோர் மூடுகற்களின்மீது ஏறாதிருக்க வேண்டும்.