எந்தத் தளத்தின் சூரியன்?

வானளாவிய கட்டடங்களின் உள்ளமைப்பு, ஒரு தளத்துக்கும் அதன் மேல்தளத்துக்கும் வேறுபாடு இல்லை என்னும் எடுகோளின் மீது வகுக்கப்பட்டது. அலுவலகத் தளங்களின் பணி ஒன்றே ஆதலால் அவற்றின் வடிவமும் ஒன்றாகவே அமையலாம் என அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயிஸ் சல்லிவன் 1896இல் வாதிட்டார். அவ்வாறு மாறாமல் அடுக்கப்படும் தளவரைபடத்தின் தனித்தன்மையின்மையைப் பின்னாளில் கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸ் ஏறக்குறைய வியந்தே எழுதினார். திறக்க இயலாத கண்ணாடியும் இயந்திரக் குளிர்காற்றும் சேர்ந்து, உள்ளிருப்பவரின் உயரத்தை மின்தூக்கிப் பொத்தானிலுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கிவிடுகின்றன. அப்படியானால், ஒருவர் ஓர் இடத்தில் இருக்கிறார் என்பதற்குப் பொருள் என்ன?

துபாயில் இக்கேள்வி நோன்பின் வழியாக எழுந்தது. சூரியன் மறைந்ததும் ரமலான் நோன்பு திறக்கப்படும். 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவில் அது எந்தத் தளத்தின் சூரியன்? மார்க்கச் சட்ட விளக்கம் அளிக்கும் அறிஞர் முஃப்தி எனப்படுவார். துபாயின் தலைமை முஃப்தி அஹ்மத் அல்-ஹத்தாத், 80ஆம் தளத்துக்கு மேலிருப்போர் இரண்டு நிமிடமும் 150ஆம் தளத்துக்கு மேலிருப்போர் மூன்று நிமிடமும் தாமதித்தே நோன்பு திறக்க வேண்டும் என்று 2011இல் அறிவித்தார். உயரம் கூடக் கூடத் தொடுவானம் கண்மட்டத்துக்குக் கீழே தாழ்வதால் (600 மீட்டரில் ஏறத்தாழ முக்கால் பாகை) அங்கே சூரியன் மெய்யாகவே பிந்தி மறைகிறது. தீர்ப்பு புதிதும் அன்று. அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கத்தில் ஏறிச் சூரியனைக் கண்டுகொண்டிருப்பவர் நோன்பு திறக்கலாகாது, கீழே அது மறையக் கண்ட ஊரார் திறக்கலாம் எனச் சட்ட அறிஞர் அபூ மூஸா அழ்-ழரீர் விடையளித்ததாக, இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றான ஹனஃபி மரபின் நூல்கள் கூறுகின்றன.

ஊரும் கணமும் ஒன்றே எனினும், கடமை உடல் நிற்கும் இடத்தைத் தொடர்கிறது என்பதே அந்த விடையின் ஆழம். மேல்தளத்துக்கு விலை அதிகம். அங்கே பசியும் சற்று அதிகம் என்பது விற்பனைக் கையேடுகளில் இடம்பெறாத செய்தி.

இதிலிருந்து எழும் கோரிக்கை அலங்காரம் பற்றியதன்று. கிழக்கு நோக்கிய வீட்டில் வசிப்பவர், தம் தளத்துக்குரிய மறைவைத் தாமே காண வழியின்றி, தரைமட்டத்துக்குக் கணித்த அட்டவணையோடு நிமிடங்களைக் கூட்டிக்கொள்கிறார். மின்தூக்கிகளையும் படிகளையும் நடுவே திரட்டிச் சாளரமற்ற நடைவழியால் சூழும் வழக்கத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு தளத்தின் பொது நடைவழியும் மேற்கே ஒரு சாளரத்தில் முடியுமாறு வகுத்தால், அவரும் அயலாரும் அங்கே கூடி நின்று காணலாம். வாடகை ஈட்டும் பரப்பு அந்த அளவுக்குக் குறையும். கட்டுவோர் எளிதில் உடன்படமாட்டார்கள், ஏனெனில் தொடுவானம் தெரியும் சுவரைத்தான் அவர்கள் விலை கூட்டி விற்கிறார்கள்.