விலகிப்போன நதியில் நீராடல்

வங்காளதேசத்தில் நாராயண்கஞ்ச் நகருக்கு அருகிலுள்ள லாங்கல்பந்து என்னும் ஊரில், சைத்ர மாதத்துச் சுக்கிலபட்ச அஷ்டமியன்று, லட்சக்கணக்கான மக்கள் பிரம்மபுத்திரா என்று பெயர் சொல்லி அழைத்து மூழ்கி எழுகிறார்கள். அந்நதியின் பெருவெள்ளமோ வெகுதூரம் மேற்கே விலகி, ஜமுனா என்ற வேறொரு பெயரைத் தாங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஜேம்ஸ் ரென்னல் 1760-களில் வங்கத்து ஆறுகளை அளந்து படம் வரைந்த காலத்தில் பெருநதி மைமன்சிங் வழியாகத்தான் வந்தது. 1787-ஆம் ஆண்டு தீஸ்தா பெருகித் திசைமாறியதற்குப் பின்வந்த சில பத்தாண்டுகளில் பிரவாகம் புதுவழி கண்டது. கைவிடப்பட்ட தடத்தில் மெலிந்து ஓடுவதற்குப் ‘பழைய பிரம்மபுத்திரா’ என்று பெயர். நீர் போன பின்பு பெயரிடத்திலே புண்ணியம் தங்கியிருக்குமா என்ற கேள்வியை மூடபக்தியின் பிரச்சினை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பெயரும்கூட நிலையானதன்று. மானசரோவருக்குத் தென்கிழக்கே பனிப்பாளங்களில் பிறந்து, திபெத்தில் ஸாங்போ என்றும், நாம்சா பர்வா சிகரத்தைச் சுற்றி வளைந்து இறங்கி அருணாசலத்தில் சியாங் என்றும், அஸ்ஸாமில் பிரமனின் புதல்வன் என்றும் வழங்கப்பெற்று, வங்கத்தில் ஜமுனாவாகிப் பத்மாவோடும் மேக்னாவோடும் கலந்து கடலடைகிறது. மூன்று நாடுகளும் வேறு வேறாக அழைக்கும் இதனை ஒன்றென்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம்?

இக்கேள்விக்கு விடை கூறத் தகுதியுள்ள ஒருவர் இந்நதியின் கரையிலேயே வாழ்ந்திருக்கிறார். ஸாங்போவின் வடகரையில், திபெத்தின் முதற் பௌத்த மடமாகிய சாம்யே எட்டாம் நூற்றாண்டில் எழுந்தபோது அதன் தலைமையை ஏற்றவர் இந்தியாவிலிருந்து சென்ற சாந்தரக்ஷிதர். உள்ளன யாவும் கணந்தோறும் அழிந்து பிறப்பனவே, நாம் ஒன்றென்று அழைப்பது இடையறாததொரு சந்தானமே என்று தத்துவசங்கிரகம் என்னும் பெருநூலில் வாதித்தவர். அவர் கட்சியை ஏற்றுக்கொண்டால் எந்த நதியும் எக்கணத்திலும் அதே நதியாக இருந்ததில்லை. ஆகவே லாங்கல்பந்தில் புதிதாக இழந்தது ஒன்றுமில்லை. இவ்விடை எனக்குப் போதவில்லை. சந்தானமாயின் முன்கணம் பின்கணத்தைப் பிறப்பிக்க வேண்டுமே. அங்கேயோ சங்கிலியின் பெரும்பகுதி வேறுபக்கம் போய்விட்டது. போயும், மக்கள் வருகிறார்கள்.

அவர்களை அழைத்து வருவது ஓர் ஐதீகம். தந்தையின் ஆணைக்குக் கீழ்ப்படிந்து தாயை வெட்டிய பரசுராமரின் கையை விட்டுக் கோடரி அகலவில்லை. தீர்த்தந்தோறும் அலைந்தவருக்கு, வடகிழக்கு எல்லையில் லோஹித நதிக்கரைக் குண்டத்தில் மூழ்கியபோதுதான் விரல்கள் விடுபட்டன. தம்மை விடுவித்த நீர் பிறருக்கும் உதவ வேண்டுமென்று, ஏரினால் நிலத்தைக் கீறி அதைச் சமவெளிக்கு இழுத்துவந்தார்; ஏர் நின்ற இடம் லாங்கல்பந்து. (லாங்கல் என்பது நம் நாஞ்சிலுக்கு உறவான சொல்.) அந்த மூலக் குண்டமும் நிலைக்கவில்லை. 1950 ஆகஸ்டு 15 அன்று அஸ்ஸாமை உலுக்கிய பூகம்பத்தில் அது உருக்குலைந்துபோயிற்று. ஆயினும் மகர சங்கிராந்தியில் யாத்திரிகர் கூட்டம் குறைந்தபாடில்லை. கதையின் தொடக்கத்திலும் முடிவிலும் இடம் குலைந்துவிட்டது. குலையாதிருப்பது அந்தக் கை ஒன்றுதான்: தர்மமென்று நம்பிச் செய்துவிட்ட கொடுமையைப் பற்றிக்கொண்டு, திறக்க மாட்டாமல் தவிக்கும் கை.

கிந்தப் என்ற சிக்கிம்காரரின் வரலாற்றை இவ்விடத்தில் நினைக்காதிருக்க முடியவில்லை. ஸாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒன்றுதானா என்று அறிவதற்காக 1880-ல் அனுப்பப்பட்ட அவர், உடன்வந்த லாமாவால் அடிமையாக விற்கப்பட்டு, தப்பியோடி, ஒரு மடத்தில் ஊழியம் செய்து, அதனிடையேயும் அடையாளமிட்ட 500 மரக்கட்டைகளை நாளொன்றுக்கு 50 வீதம் ஆற்றில் விட்டார். கீழே காத்திருக்க வேண்டியவர்களுக்கு அவர் எழுதுவித்த கடிதம் காலத்தில் சேரவில்லை; கட்டைகளை எவரும் காணவில்லை. ஆறு தன் பணியில் குறை வைக்கவில்லை. மிதந்து வந்தது செய்தியென்று அறிந்துகொள்ளும் கண்கள்தாம் கரையில் இல்லை. லாங்கல்பந்தின் நிலை இதற்கு நேர்மாறு: வருகிற நீர் கொஞ்சம், எதிர்பார்த்து நிற்போர் எண்ணிறந்தோர்.

தமக்காக அனுப்பப்பட்டதென்று நம்பி இறங்குகிறவரே நீரைத் தீர்த்தமாக்குகிறார் என்று இதனால் சொல்லத் துணிகிறேன். ஆனால் எல்லாம் மனிதன் சங்கல்பமே என்று முடித்துவிடவும் இயலவில்லை. பரசுராமர் தம் விரல்களைத் தாமே திறந்துகொள்ள முடிந்திருந்தால் நதிக்கு ஏன் போகவேண்டும்? கேட்பதற்கு ஒருவரும், விடுவிப்பதற்கு ஒன்றும், இரண்டுமே வேண்டியிருக்கின்றன. அஷ்டமியன்று எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டைக் காட்டி இந்தியாவிலிருந்து வந்தவர்களும் உள்ளூராருமாக, மாவிலையும் அறுகும் பூவும் கையிலேந்தி, அந்த மெலிந்த நீரில் இடுப்பளவு நின்று, பிரம்மபுத்திரா என்று அழைத்து, விரல்களை விரிக்கிறார்கள்.