அடித்தல் தெரியட்டும்

எவர் வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்று ஓர் அட்டவணையைத் திறந்துவிட்டால் உண்மைக்கு என்ன ஆகும்? இது கணினிக்காரர்கள் மட்டும் பதில் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வி அல்ல. மனித அறிவு தவறக்கூடியது என்று ஒப்புக்கொள்பவர் அந்த அறிவின் பதிவேட்டை மட்டும் எந்த நியாயத்தில் பூட்டி வைப்பார்? திருத்தும் உரிமை எல்லோருக்கும் வேண்டும். சுவடில்லாமல் அழிக்கும் உரிமை யாருக்கும் கூடாது என்பதே என் கட்சி.

ஸ்டாலின் 1879 டிசம்பர் 21-இல் பிறந்தார் என்றுதான் சோவியத் நாடு கொண்டாடியது. அவர் பிறந்த கோரி ஊரின் தேவாலயப் பதிவேடோ, இன்றைய நாட்காட்டிக் கணக்கில் 1878 டிசம்பர் 18 என்கிறது. ஒரே தேதிக்கு இடமுள்ள அட்டவணையில் இரண்டில் ஒன்று மறைந்தே ஆக வேண்டும். 2012-இல் தொடங்கிய, எவரும் திருத்தக்கூடிய தரவுத்தளமான விக்கித்தரவில் இரண்டும் நிற்கலாம்: ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று, ஏற்கத்தக்கதற்கு முன்னுரிமை, பிழை என்று தெரிந்ததற்குத் தாழ்ந்த தரம். பிழையை நீக்கிவிட்டால் நாளை இன்னொருவர் ஏதோ பழைய புத்தகத்தைப் பார்த்து நல்லெண்ணத்தோடு அதையே மறுபடி ஏற்றுவார். அதைவிட முக்கியம், ஆட்சியாளர் ஒருவரின் பிறந்த நாள் ஓராண்டு நகர்ந்ததும் வரலாறுதான். எபிரேய வேதத்தைக் காத்த மசோரெத்தியர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த நெறியில் நின்றார்கள். ஏட்டில் இருப்பது ஒன்று, மரபில் வாசிப்பது வேறு என்ற இடங்களில் மூல எழுத்தைத் தொடாமல், வாசிக்க வேண்டியதை ஓரத்தில் குறித்தார்கள். இறைவாக்கு என்று நம்பிய நூலிலும் திருத்தத்துக்கு இடம் இருந்தது, ஆனால் அது தன்னை மூலமாகக் காட்டிக்கொள்ளவில்லை.

திறந்த கதவு வழியே பொய்யும் வரும் என்பார்கள். வந்திருக்கிறது. 2005-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகென்தாலரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திய பொய் விக்கிப்பீடியாவில் ஏறக்குறைய நான்கு மாதம் கிடந்தது. அந்தக் காயத்தைச் சிறிதென்று சொல்லமாட்டேன். ஆனால் எழுதியவரைக் கண்டுபிடிக்க உதவியது திருத்த வரலாற்றில் பதிந்திருந்த இணைய முகவரிதான். பூட்டிய பதிவேட்டிலும் பொய் நுழைகிறது, ஸ்டாலினின் தேதியே சாட்சி. அங்கே யார் மாற்றினார் என்று வெளியிலிருப்பவர் கேட்க வழியில்லை. இதைவிடக் கடினமான மறுப்பு மன்னிப்பின் பக்கத்திலிருந்து வருகிறது: எல்லாச் சுவடும் நிலைத்தால், அவதூறுக்கு ஆளானவர் என்றைக்கு அதிலிருந்து மீள்வார்? அவதூறின் வாசகம் பொதுக் கண்ணுக்குத் தெரியத் தேவையில்லை என்பதை ஏற்கிறேன். விக்கிப்பீடியாவில் நிர்வாகிகள் அத்தகைய வாசகத்தை மறைக்கிறார்கள்; மறைத்தவர் யார், ஏன் மறைத்தார் என்பதும் பதிவாகிறது.