புஸ்வாணம்னு சொல்ல நாம யாரு?

முருகா சரணம் 🙏

நம்ம சிவகாசிப் பக்கம் ஒருத்தன் சட்டுனு மேல போனா "ராக்கெட்டு"ம்போம். கொஞ்சம் சறுக்குனா "புஸ்வாணம்"னு முடிச்சிருவோம். கூடைப்பந்தோ கிரிக்கெட்டோ, ஆரம்பத்துலயே ஜெயிச்ச பையனை இப்படித்தான் எடை போடுறோம். இது நியாயமா?

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்க. 2015-ல் ரஞ்சி ஆடுன கையோட, பந்து வீசுற முறையில சந்தேகம்னாங்க. மாத்திக்கிட்டு வந்தார். 2017 ஐபிஎல்ல பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்துச்சு. விழுந்தது 2 விக்கெட். அடுத்து ஹைதராபாத். ரெண்டு சீசன் ஒரு மேட்ச்கூட இல்ல. அப்பவே நாம கணக்கை மூடியிருந்தா? 2020-ல் யார்க்கரா போட்டு 16 விக்கெட். வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியா போனவர், மூணு வகை கிரிக்கெட்டுலயும் இந்தியாவுக்கு ஆடினார். 2021-ல் முழங்கால் ஆபரேஷன். 2024 ஐபிஎல்ல மறுபடி 19 விக்கெட்.

டெஸ்ட் ஆடுனது ஒண்ணே ஒண்ணுதான். அதுக்காகத் தோத்துட்டார்னு சொல்வீங்களா? சொந்த ஊர்ப் பசங்களுக்கு மைதானமே அமைச்சுக் கொடுத்திருக்காரு.

காயம் யார் கையிலயும் இல்ல. ஆனா குறை சொன்னப்ப திருத்திக்கிட்டானா, யாரும் பாக்காத நாள்லயும் பயிற்சிக்குப் போனானா, இதைப் பாத்து எடை போடுங்க. பட்டாசுக்குத் திரி ஒரு தடவைதான். மனுஷனுக்கு அப்படி இல்ல.

முதல் அட்டெம்ப்ட்ல தவறுன தம்பி, தங்கச்சி, உங்களுக்கும் இதே கணக்குத்தான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!