கேட்காமல் காய்ச்சிய பீர்



போன மாதச் சந்திப்பு முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஓர் இளையர் என்னைத் தனியாக அழைத்தார். "அண்ணே, வீட்டிலயே பீர் செய்யப் பழகலாம்னு இருக்கேன். இது தப்பா?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், இரண்டு வருடத்துக்கு முன்பே இந்த விஷயம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் அப்போது எங்களில் யாரும் அதை ஒரு கேள்வியாகவே நினைக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"குடி குடியைக் கெடுக்கும்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். அது பொய்யில்லை. ஆனால் கேட்டவருக்கு அது தெரியாதா என்ன? தெரிந்துதான் கேட்கிறார். அவருக்கு நாம் கொஞ்சம் கூடுதலாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எங்கள் வீவக வீட்டில் அம்மா, என் தம்பி, நான் மூன்று பேர். கோவிட் காலத்தில் தம்பி ரொட்டி சுடப் பழகினான். மாவு எப்படிப் பொங்குகிறது, ஈஸ்ட் என்ன செய்கிறது என்று தேடித் தேடிப் படித்தான். அந்த ஈஸ்ட்தான் அவனைப் பீரில் கொண்டுபோய் விட்டது.

சும்மா சொல்லக் கூடாது, அதில் நிறைய பாடம் இருக்கிறது. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மால்ட். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதன் சாற்றைக் கெட்டியாக்கி டின்னில் விற்கிறார்கள். அதைத் தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுச் சுமார் ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கசப்பும் மணமும் அந்தப் பூவிலிருந்து வருகிறது. பிறகு சீக்கிரமாக ஆறவைத்து, ஈஸ்டைச் சேர்த்து மூடிவிட வேண்டும். மூடியில் தண்ணீர் நிறைந்த ஒரு சின்னக் குழாய் இருக்கும். உள்ளே உண்டாகும் காற்று அதன் வழியாகக் குமிழ் குமிழாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது.

சுத்தம்தான் முதல் விதி. ஆறிய சாற்றைத் தொடும் ஒவ்வொரு பாத்திரத்தையும் கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் மொத்தமும் புளித்துப் போகும். இரண்டாவது விதி வெப்பம். சாதாரண ஏல் ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை இருந்தால் நல்லது. நம்ம ஊர் அறையோ 30 டிகிரி. அதற்காகத் தம்பி ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டியை வாங்கி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியைப் பொருத்தினான். மூன்றாவது விதி பொறுமை. பானையில் ஒன்றிரண்டு வாரம். பிறகு கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் போத்தலில் அடைத்து, மேலும் இரண்டு வாரம். அவசரப்பட்டு அடைத்தாலோ சர்க்கரை கூடிப்போனாலோ போத்தலே வெடிக்கும்.

தம்பி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்தான். தொடக்கத்தில் சாற்றின் அடர்த்தி 1.045. முடிவில் 1.010. இந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டால் மதுவின் அளவு ஏறக்குறைய 4.6 விழுக்காடு. பள்ளியில் வேதியியல் புத்தகத்தைத் திறக்காத பையன், இதையெல்லாம் எனக்கு விளக்கினான். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

சட்டத்தையும் அவன் பார்த்து வைத்திருந்தான். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் தம் வீட்டில், சொந்தப் பயன்பாட்டுக்கு, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை பீர், ஒயின் போன்ற நொதித்த மதுவைச் செய்துகொள்ளலாம். விற்கக் கூடாது. வடித்துச் சாராயம் எடுக்கக் கூடாது. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தரக் கூடாது. (மலேசியாவில் இதைப் படிப்பவர்கள் கவனிக்க: அங்கே உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்.) தம்பி அடுத்த வீட்டு மலாய்க்காரக் குடும்பத்தை நினைத்து, ஜன்னல் பக்கம் வாடை போகாதபடி கூட ஏற்பாடு செய்தான்.

ஒருவரை மட்டும் அவன் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

மால்ட் கொதித்த அன்று வீடு முழுக்க ஹார்லிக்ஸ் மாதிரி வாசனை. அம்மா கூட, "நல்லா மணக்குதேடா" என்றார். மூன்றாவது நாள் பானை பொங்கத் தொடங்கியது. வாடை மாறிவிட்டது. புளிப்பும் இனிப்பும் கலந்த வாடை. பழைய பெட்டி என்பதால் அதன் கதவும் சரியாக அடைக்கவில்லை. அம்மா சமையலறைக்கு வந்தார், நின்றார், திரும்பித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "தலைவலி" என்றார். அந்தத் தலைவலி ஒரு வாரம் நீடித்தது.

அம்மா ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா பால்மரம் வெட்டியவர். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மதியத்துக்கு மேல் நேராகக் கள்ளுக்கடைக்குப் போவார். சம்பள நாளில் பாட்டி, ஒன்பது வயதுப் பெண்ணான அம்மாவை அங்கே அனுப்புவாராம். கையில் இருக்கிற காசு கரைவதற்குள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். வேலிக்கு வெளியே அந்தப் பிள்ளை காத்துக்கொண்டு நிற்கும். இதெல்லாம் எனக்கு எப்போதோ கேட்ட கதை. அம்மாவுக்கு அது கதை இல்லை என்பதை அந்த வாரம்தான் புரிந்துகொண்டேன்.

கடைசியில் அவரே சொன்னார். "அவன் காய்ச்சுறேன்னு சொன்னப்பவே எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. சரி, பிள்ளை ஆசைப்படுறான்னு விட்டுட்டேன். ஆனா அந்த வாடை... எங்கப்பா சட்டையில வர்ற அதே வாடைடா. கதவைச் சாத்தினாலும் வருது."

இளையர்களே, கள் நம் சமூகத்துக்கு ஏதோ நாலு பேர் பழகிய கெட்ட பழக்கம் மட்டும் இல்லை. தோட்டத்துக்குள்ளேயே கடையை வைத்து, உழைத்த கூலியை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்ட ஓர் ஏற்பாடு அது. அதனால்தான் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கு எதிராக மறியல் செய்து அடியும் பட்டார்கள். அவர்களும் உங்கள் வயதுக்காரர்கள்தான். இந்த வரலாறு ஏட்டில் மட்டும் இல்லை. பல வீடுகளில் அம்மாவாக, பெரியம்மாவாக, பாட்டியாக இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

தம்பியின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். "இது கள்ளு இல்ல, சம்சு இல்ல. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றான். அது சரிதான். 2018இல் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். வீட்டில் முறையாக நொதிக்கவிடும் பீரில் அந்த ஆபத்து இல்லை. "நான் குடிக்கிறதுக்காகச் செய்யல, செய்றதுக்காகச் செய்றேன்" என்றான். அதையும் நம்புகிறேன். ஐரோப்பாவில் டிராப்பிஸ்ட் துறவிகள் மடத்துக்குள்ளேயே பீர் செய்கிறார்கள். கை உழைப்பும் அவர்களுக்கு வழிபாடு மாதிரி. "நம்ம முனீஸ்வரருக்கும் மதுரைவீரனுக்கும் பீர் படைக்கிறாங்களே?" என்றும் கேட்டான். படைக்கிறார்கள், உண்மை. சங்கப் பாடல்களில் கள் விருந்து வருகிறது. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரமும் இருக்கிறது. நம் மரபில் இரண்டும் உண்டு. நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மரபே சொல்லிவிட்டது என்று வாயை அடைக்க முடியாது.

ஆக, தம்பியின் ஒவ்வொரு பதிலும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாம் பானையைப் பற்றிய பதில்கள். என்ன போட்டோம், எவ்வளவு போட்டோம், சட்டம் என்ன சொல்கிறது, சாமி என்ன சொல்கிறது. பானை இருக்கும் வீட்டைப் பற்றி ஒரு பதிலும் இல்லை.

சட்டம் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது என்கிறது. அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எந்த வீட்டில் யாருக்கு எந்த வாடை வலிக்கும் என்று அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்? சட்டத்தின் வேலை அந்த இடத்தில் முடிகிறது. தர்மத்தின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'இதைச் செய்ய எனக்கு உரிமை உண்டா?' என்று கேட்டால் சட்டப் புத்தகம் பதில் சொல்லும். 'இதை நான் செய்தால் யார் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்?' என்று கேட்டால், கூட வாழ்கிற மனிதர்களின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் தெரிந்துகொள்ள முடியும்.

"அப்படின்னா, மத்தவங்களோட பழைய வலிக்காக நான் என் வாழ்க்கையை அடக்கி வெச்சுக்கணுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லா விஷயத்திலும் அப்படி இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். அம்மாவே எங்களிடம் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: "நான் நிறுத்தச் சொல்லலடா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையைத்தான் நாங்கள் கேட்காமல் விட்டோம். இதில் என் தவறு தம்பியின் தவறைவிடப் பெரியது. அவன் தாத்தாவைப் பார்த்ததே இல்லை. நான் பார்த்திருக்கிறேன். பானையைத் தூக்கி வைக்க ஒரு கை கொடுத்தவனும் நான்தான்.

இன்னொரு விஷயம். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்தக் கணக்கை யோசிப்பதில்லை. வழக்கமான பானையில் ஒரு தடவைக்கு 20 லிட்டர் வரும். அதாவது 330 மில்லி போத்தல் சுமார் 60. மாதம் ஒரு பானை என்றால், ஒரு நாளைக்கு இரண்டு போத்தல். மண்பாண்டம் செய்யப் பழகினால் பானை அலமாரியில் இருக்கும். பீர் செய்யப் பழகினால் யாராவது அதைக் குடித்தாக வேண்டும். 'செய்வதற்காகச் செய்கிறேன்' என்பவன் கொஞ்ச நாளில் கொடுப்பவனாகவும் ஆகிவிடுகிறான். வாங்கிக்கொள்ளும் நண்பர்களில் ஒருவர் குடியை விட்டுவிட்டுத் தினமும் போராடிக்கொண்டிருப்பவராக இருக்கலாம். அவர் அதை நம்மிடம் சொல்லியிருக்கவும் மாட்டார். "நானே செஞ்சது, டேஸ்ட் பண்ணிப் பாரு" என்று அன்போடு நீட்டுகிற போத்தலை மறுப்பது, கடையில் வாங்கியதை மறுப்பதைவிடக் கஷ்டம்.

ஆகவே, என்னைக் கேட்ட அந்த இளையருக்கு என் பதில் இது. தம்பி, நீங்கள் செய்தால் பாவி என்றோ, செய்யாவிட்டால் புண்ணியவான் என்றோ நான் சொல்ல மாட்டேன். பானை வாங்குவதற்கு முன் வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள். "செய்யப் போறேன்" என்று தகவல் சொல்வது கேட்பதாகாது. வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் விட்டுவிடத் தயாராக இருந்து கேட்பதுதான் கேட்பது. அவர்கள் சரி என்றால், 20 லிட்டரில் தொடங்காதீர்கள். 4 லிட்டர் போதும், பன்னிரண்டு போத்தல் வரும். பாடம் அதே பாடம்தான். ஒரு பானை முடிந்ததும், அடுத்த பானை வைக்காமல் ஒரு மாதம் இருந்து பாருங்கள். முடிந்தால் அது உங்கள் பொழுதுபோக்கு. முடியவில்லையென்றால் அதற்கு வேறு பெயர். அதையும் ஒளிக்காமல் யாரிடமாவது சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது? அந்த முதல் பானையைத் தம்பி நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கேயே போத்தலில் அடைத்தான். நானும் ஒன்று குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் வீட்டில் பீர் வைக்கவில்லை. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. பானை பொருள் அறையில் கவிழ்த்து வைத்தபடி இருக்கிறது. அந்த நோட்டுப் புத்தகம் மட்டும் சமையலறைக்கு வந்துவிட்டது. இப்போது அம்மாவிடம் கேட்டுக் கேட்டு, இட்லி மாவு எத்தனை மணி நேரத்தில் பொங்குகிறது, உளுந்து எவ்வளவு, அன்றைய வெப்பம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டிருக்கிறான். அதுவும் நொதித்தல்தானே.

போன வாரம் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவனுக்கு அந்தப் பீர் மேல இன்னும் ஆசை இருக்குடா. நான் பெரியம்மா வீட்டுக்குப் போறப்ப வேணும்னா வெச்சுக்கச் சொல்லு." தம்பியிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நானே அம்மாகிட்ட பேசுறேன்" என்றான்.