ஒற்றைக் குழந்தைக்கு ஒரு குப்பி

தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கான தடுப்பு மருந்து குப்பிக்குள் உலர்ந்த தூளாக இருக்கும். கரைப்பானை ஏற்றிக் கலக்கிவிட்டால் அதன் ஆயுள் 4 மணி நேரம். அதற்குள் போட்டு முடிக்காததைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஒரு குப்பியில் ஐந்து அல்லது பத்துக் குழந்தைகளுக்கான மருந்து இருக்கிறது. தேனி மாவட்டத்தில் வருசநாட்டுப் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் அன்றைக்கு வந்திருப்பது ஒரே ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்வோம். கிராம சுகாதார செவிலியர் என்ன செய்ய வேண்டும்?

அரசின் வழிகாட்டி நூல் தயங்காமல் பதில் சொல்கிறது: குப்பியைத் திறக்கலாம், திறக்கத்தான் வேண்டும். ஒரு பிள்ளைதான் வந்திருக்கிறது என்பதற்காக ‘அடுத்த புதன்கிழமை வாங்கம்மா’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. பச்சிளம் குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. மருந்தில் பாதி வரை வீணாகலாம் என்று கொள்முதல் கணக்கிலேயே இடம் விட்டிருக்கிறார்கள்.

சோறு சிந்தினால் பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு இது உறுத்தும். ஒன்பது பேருக்கான மருந்தைக் கொட்டுவது நியாயமா? பார்வைக்குக் கணக்கு வழக்கு போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது அறக்கேள்விதான். அந்தக் குப்பி யாருடையது? கைக்காசு போட்டு வாங்கிய மருத்துவர் என்றால் தயங்குவார், அதைத் தப்பென்று சொல்ல முடியாது. செவிலியர் தயங்க வேண்டியதில்லை என்றால், அது நாடு முழுவதற்கும் சேர்த்து வாங்கிய மருந்து என்பதால்தான். வாங்குகிற முறை மாறும்போது, கொடுக்கிறவரின் தர்மமும் மாறிவிடுகிறது. தேனி மாவட்டத்தில் ஒவ்வொரு புதன்கிழமையும் ஊசி போடும் இடங்களில் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

1978-ல் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் 1985-ல் அனைவருக்குமான திட்டமாக விரிந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2.6 கோடி குழந்தைகளும் 2.9 கோடி கர்ப்பிணிகளும் அதன் பயனாளிகள். மருந்தை மத்திய அரசு மொத்தமாக விலை பேசி வாங்குகிறது. சென்னை உட்பட 4 நகரங்களில் உள்ள மத்திய மருந்துக் கிடங்கு, பிறகு மாநிலக் கிடங்கு, மண்டலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு, கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டி என்று அது இறங்கி வருகிறது. பெரும்பாலான மருந்துகளுக்கு வழி நெடுகிலும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர் குறையாமல் கூடாமல் இருக்க வேண்டும். காலையும் மாலையும் வெப்பநிலையைப் பார்த்து ஏட்டில் எழுத வேண்டும். எத்தனை குழந்தை, எத்தனை தவணை, எவ்வளவு சேதாரம் என்று பெருக்கி, அவசரத்துக்குக் கால் பங்கு கூடுதலாகச் சேர்த்து இண்டென்ட் போட வேண்டும். குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சிறு சதுரமும் உண்டு. சூடு பட்டால் சதுரம் மெல்லக் கருக்கும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது. படிப்பு, பதவி எதையும் பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே கணக்கைக் கேட்கிற ஏற்பாடு இது.

மாநில அரசும் தன் பங்குக்கு வாங்குகிறது. 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நாய்க்கடிக்கான ஊசி மருந்து முதல் பாராசிட்டமால் வரை டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் அடுக்குகிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புத்தகம் உண்டு. இவ்வளவு மதிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கும், எதை எடுப்பது என்பது மருத்துவமனையின் தேவையைப் பொறுத்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன முறை இது.

இப்படி வந்து சேரும் ஊசியை என்ன பெயரிட்டு அழைப்பது? ‘கவர்மெண்ட்ல இலவசமாப் போடுறாங்க’ என்பதுதான் ஊர்ப் பேச்சு. இலவசம் என்றதும் கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. இந்த இடத்தில் திருக்குறளின் அமைப்பு உதவுகிறது. ஈகையைப் பற்றி 23-ஆம் அதிகாரம் வைத்த வள்ளுவர், அதற்கு முன்பே 22-ஆம் அதிகாரமாக ஒப்புரவைத் தனியாக வைத்தார். இல்லாதவருக்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. ஊரோடு சேர்ந்து வாழ்கிறவர் ஊருக்குச் செய்ய வேண்டியது ஒப்புரவு, அதில் இரக்கத்துக்கு வேலையில்லை. கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டாம். கூடலூர் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிறது. கடைமடைக்கும் தண்ணீர் போக வேண்டும் என்பதைத் தலைமடைக்காரர் செய்யும் தர்மமாக யாரும் நினைப்பதில்லை, அது முறை. தடுப்பூசியில் அந்த முறை இன்னும் இறுக்கமானது. தட்டம்மைக் கிருமி பரவாமல் நிற்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளாவது பாதுகாப்பு பெற்றிருக்க வேண்டும். போடியில் கடை வைத்திருப்பவரின் மகளை, அகமலையில் ஊசி போட்டுக்கொண்ட குழந்தையும் சேர்ந்தே காக்கிறது. அந்தக் குழந்தைக்கு வாங்கிய மருந்தை எப்படி இலவசம் என்பது?

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு மாவட்டமே திரள்கிறது. அக்னிச்சட்டி, ஆயிரங்கண் பானை என்று நேர்த்திக்கடன்கள் முல்லையாற்றங்கரையில் விடிய விடிய நடக்கும். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டி, தலைவாரிக்கொள்ளாமல், யாரையும் கடிந்து பேசாமல் இருந்த பழக்கம் இன்னும் போகவில்லை. ஊசி போட்டுக்கொள்வது ஆத்தாளுக்கு எதிரான காரியமா என்ற கேள்வி பெரியம்மைக் காலத்தில் உண்மையாகவே இருந்தது. பெரியம்மை இந்தியாவில் 1975-க்குப் பிறகு இல்லை. திருவிழாவில் கூட்டம் குறையவும் இல்லை. ஆயிரங்கண் பானை சுமக்கிற அதே தாய் புதன்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். இதை முரண் என்று நகர்ப்புறத்தார் சொல்லலாம். உண்மையில் அந்தத் தாய் இரண்டு கடன்களைச் சரியாகவே பிரித்து வைத்திருக்கிறார். அம்மனிடம் வேண்டிக்கொண்டது அவருக்கும் அம்மனுக்கும் நடுவில் உள்ளது, அதை அவர்தான் தீர்க்க வேண்டும். ஊசிக்கு வேண்டுதல் தேவையில்லை, நன்றிக்கடனும் தேவையில்லை. அதைக் கொடுத்தவர் என்று தனியாக ஓர் ஆள் கிடையாது.

இந்த ஏற்பாட்டைக் குலைக்கக்கூடியது விலை. காசு கொடுத்துப் போடுவதுதான் நல்ல ஊசி என்ற நம்பிக்கை சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் பலருக்கு உண்டு. ‘வலியில்லா ஊசி’ போட்டால் காய்ச்சல் வராது என்று தனியார் கிளினிக்குகளுக்குப் போகிறார்கள். கக்குவான் கிருமியை முழுதாகக் கொன்று செய்யும் அரசு மருந்தில் காய்ச்சலும் வீக்கமும் சற்று அதிகம்தான். ஆனால் அது தரும் பாதுகாப்பு நீண்ட நாள் நிற்கிறது என்பது மருத்துவ உலகம் ஏற்ற செய்தி. முதல் தவணைகளுக்கு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் இரண்டு வகையையும் ஏற்கிறது. நிமோனியாவுக்கான பி.சி.வி. ஊசிக்குத் தனியாரிடம் டோஸுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் பலர். 2021-ல் அது தமிழ்நாட்டில் அரசுத் திட்டத்துக்குள் வந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணையும் செலவில்லாமல் கிடைக்கின்றன. நேற்று வரை பணக்கார வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்கு மட்டும் கிடைத்த பாதுகாப்பு அது.

ஒரே மருந்துக்கு மூன்று விலை வைத்தால் என்ன ஆகும் என்பதை 2021 மே மாதம் காட்டியது. அதுவரை மத்திய அரசு வாங்கி வந்த கொரோனா தடுப்பூசியில் பாதியை மாநிலங்களும் தனியார் மருத்துவமனைகளும் நேரடியாக வாங்கிக்கொள்ளலாம் என்று கொள்கை மாறியது. கோவிஷீல்டு மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 300, தனியாருக்கு 600. கோவாக்சின் மாநிலத்துக்கு 400, தனியாருக்கு 1,200. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மத்திய அரசே இலவசமாகப் போடும்போது இளையவர்களை மட்டும் காசு கொடுக்க வைப்பது முதல் நோக்கில் தன்னிச்சையானது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று உச்ச நீதிமன்றம் மே 31 அன்று கேள்வி எழுப்பியது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 3.5 கோடி டோஸுக்கு உலகளாவிய டெண்டர் விட்டது, ஒரு நிறுவனமும் முன்வரவில்லை. ஜூன் 7-ல் பிரதமர் கொள்கையை மாற்றி அறிவித்தார். ஜூன் 21 முதல் முக்கால் பங்கை மத்திய அரசே வாங்கி மாநிலங்களுக்குக் கொடுத்தது. தனித்தனியாகப் போய் நின்றால் மாநில அரசுக்கே பேரம் பேசும் வலு இல்லை என்பது அந்த சில வாரங்களில் தெரிந்துபோனது. கம்பத்தில் பத்துப் படுக்கையோடு கிளினிக் நடத்தும் மருத்துவரால் என்ன பேசியிருக்க முடியும்?

பொதுவில் வாங்கியதை வேண்டாம் என்று சொல்லவும் உரிமை இருக்கிறதா? இதைத் தமிழ்நாட்டில் மிக அழுத்தமாகக் கேட்டவர் ராஜாஜி. முதலமைச்சர் பதவியை விட்ட அடுத்த ஆண்டு, 1955-ல், பி.சி.ஜி. ஊசியை ஏன் எதிர்க்கிறேன் என்று சிறுநூலே வெளியிட்டார். நிச்சயமில்லாத ஒன்றைக் கோடிக்கணக்கான பிள்ளைகளின் உடம்பில் ஏற்றலாமா என்பது அவர் கவலை. பிறகு 1968-ல் தொடங்கி செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 2,60,000 பேரிடம் நடந்த பெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று கண்டது. பச்சிளம் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வடிவங்களிலிருந்து அது காப்பதால் இன்றும் போடப்படுகிறது. ராஜாஜியின் முடிவு முழுக்கச் சரியென்று சொல்ல முடியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியானது. எல்லோருக்காகவும் வாங்குகிற அரசுக்கு எல்லோரிடமும் விளக்கம் சொல்லும் கடமை இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தபோது அந்தக் கடமை மிகக் கசப்பாக நினைவுக்கு வந்தது. அதன் பிறகு சில காலம் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டுமே போட்டார்கள். பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். மலையடிவாரத்துத் தாய்க்கு அது இன்னொரு பஸ், இன்னொரு நாள் கூலி.

தனியார் மருத்துவரும் இந்தப் பொது ஏற்பாட்டுக்குள் வரலாம். அமெரிக்காவில் 1989 முதல் 1991 வரை தட்டம்மை பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு 1993-ல் ஒரு சட்டம் வந்தது. காப்பீடு இல்லாத, ஏழைக் குழந்தைகளுக்கான மருந்தை அரசே வாங்கி, பதிவு செய்துகொண்ட மருத்துவர்களின் கிளினிக்குக்கே அனுப்புகிறது. அவர் மருந்துக்குக் காசு கேட்கக் கூடாது. போடும் கூலிக்கு உச்சவரம்பு உண்டு, அதையும் தர முடியாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அந்த மருந்தைத் தன் சொந்த இருப்போடு கலக்கவும் கூடாது. வாஷிங்டன் மாநிலம் போன்ற சில இடங்களில் காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் வசூலித்து எல்லாக் குழந்தைகளுக்கும் மாநிலமே வாங்குகிறது. இப்படி அரசு மருந்தைப் பெறும் மருத்துவரின் குளிர்பெட்டியில் இருப்பது அவருடைய சரக்கில்லை, அவரிடம் ஒப்படைத்த பொதுச்சொத்து. கோயில் நகைக்குப் பொறுப்பேற்றவரின் நிலைதான் அவருக்கும்.

பட்டியலில் எது சேரும் என்பதும் நியாயம் பற்றிய முடிவே. அம்மனோடு சேர்த்தே நினைக்கப்படும் சின்னம்மைக்கான தடுப்பூசி இன்னும் தேசியத் திட்டத்தில் இல்லை. வேண்டுமென்றால் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசிக்கு 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகப் போடுவது திட்டம். டவுனில் வசதியுள்ள அப்பா மகளுக்கு வாங்கிக் கொடுத்ததை, ஏலத்தோட்டக் கூலியின் மகளுக்கும் மாநிலம் வாங்கிக் கொடுக்கிறது என்றால் அது பெரிய காரியம்.

வாங்கியது போய்ச் சேர வேண்டும், இன்னும் தீராத வேலை அங்கேதான் இருக்கிறது. கூடலூர், கம்பம், தேவாரம், போடிப் பகுதிகளிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் விடிவதற்கு முன்பே புறப்பட்டுவிடுகின்றன. பெண்கள்தான் அதிகம். புதன்கிழமை பகலில் ஊசி என்றால் அவர்களுக்கு ஒருநாள் கூலி போகும், ஆகவே தவணை தள்ளிப்போகும். குப்பியைத் திறக்கச் செவிலியர் தயாராக இருக்கிறார், பிள்ளையைக் கொண்டுவரத் தாய் ஊரில் இல்லை. 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு முழுவதும் கொரோனா தடுப்பூசி மெகா முகாம் நடந்தது. பிறகு வாரா வாரம் தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊசி போடுவது முடியாத காரியமில்லை என்பதற்கு அதுவே சாட்சி. குழந்தைகளின் தவணை ஊசிக்கும் தோட்டத் தொழிலாளர் ஊர்களில் மாதம் ஒரு ஞாயிறையோ மாலை நேரத்தையோ ஒதுக்கலாம். அன்று வேலை பார்க்கும் செவிலியருக்கு வேறொரு நாள் விடுப்புத் தர வேண்டும். இதற்குப் புது மருந்தும் வேண்டாம், புது டெண்டரும் வேண்டாம். மாவட்ட சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு போதும்.