விதையடித்தலும் சீவகாருணியமும்

திருச்சிற்றம்பலம்

உயிர்களிடத்து இரக்கம் வேண்டுமென்பதில் சைவர்களுள் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு செயலை முன்வைத்து, இதன்கண் இரக்கமாவது யாது என்று வினவுங்கால்தான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. கொல்லாமை, புலால் மறுத்தல் என்னும் இரண்டிலும் நம் நூல்கள் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. கொல்லாது ஊறு மட்டும் செய்யும் ஒரு செயல், அதுவும் அவ்வுயிரின் நன்மைக்கே என்று சொல்லப்படும் செயல், நம்முன் வந்து நிற்குமாயின் என் செய்வது? அத்தகைய வினா ஒன்று அண்மையில் எமக்கு வந்தது.

அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாகாணத்தில் வாழும் சைவ அன்பர் ஒருவர், தம் சிறுமக்களின் பொருட்டு ஆண்குதிரைக் குட்டி ஒன்றை வாங்கி வளர்த்து வருகின்றார். அது நம் நாட்டு மட்டக்குதிரையினும் சிறியது. பிடரிமயிர் முடியுமிடத்தில் அளந்தால் 34 அங்குலத்திற்கு மேற்படாத இனம். இவ்வினத்திற்கென்றே அந்நாட்டில் 1978-ஆம் ஆண்டில் சங்கம் ஒன்று நிறுவப்பெற்றது. அன்பரது குட்டிக்கு இப்பொழுது இரண்டு வயது. பிள்ளைகளைக் கடிக்கின்றது, பின்னங்கால்களில் எழும்பி நிற்கின்றது, அடுத்த தோட்டத்துப் பெண்குதிரையை நோக்கி இரவெல்லாம் கனைத்து வேலியை முட்டுகின்றது. விதையடித்துவிடுக என்றார் கால்நடை மருத்துவர். உடனுறையும் அன்னையாரோ, வாயில்லாத உயிரின் ஆண்மையை அழித்தல் பெரும்பாவம் என்று தடுத்தார். அன்பர் எம்மை வினவினார். யாமும் ஆராயாது, "வேண்டா" என்று விரைந்து எழுதிவிட்டோம். அவ்விடை பிழையென்று பின்னர் உணர்ந்தமையின் இதனை எழுதலாயினோம்.

எம்மை முதற்கண் நாணச் செய்தது நம் வயலே. நாம் உண்ட சோற்றுக்கு உழுதவை எருதுகள். காயடிக்கப்பட்ட காளைகளே எருதுகள். கல்லின்மேல் வைத்து நசுக்கிய கொடுமையும் நம் ஊர்களில் நிகழ்ந்ததுண்டு. இடபத்தை இறைவன் ஊர்தியென்று தொழுது, கோயிலுக்கு விட்ட காளையைத் தொடாது விட்ட அதே கைகள், தம் கொட்டிலில் நின்றதை எருதாக்கின. இதுபற்றி ஒரு வரியும் எழுதாத யாம் கடல்கடந்த குதிரைக்கு மட்டும் சாத்திரம் கூறப் புகுந்தது தகுமோ? அசோக மன்னன் தன் ஐந்தாம் தூண் சாசனத்தில் பல விலங்குகளைக் கொல்லலாகாதென அறவே விலக்கினான். விதையடித்தலையோ எட்டாம் நாள், பதினான்காம் நாள், பதினைந்தாம் நாள், திருவிழா நாள் முதலியவற்றில் மட்டுமே விலக்கினான். உள்ளம் ஒவ்வாமலும், முற்றும் தடுக்க இயலாமலும் நின்ற ஓர் அரசனின் நிலை அதிற் புலப்படுகின்றது. நம் நிலையும் அதுவே.

இனி, விதையடித்தலை ஆதரிப்போருள் சிலர் சமயத்தையே துணைக்கு அழைக்கின்றனர். காமம் அற்ற உயிர் அமைதியுறும். ஆகலின் விதை நீக்குதல் அவ்வுயிரின் பாசத்தைக் குறைப்பதாம் என்பர். இது நகைப்பிற்குரியது. ஆசைக்கு வேர் உயிரை அநாதியே பற்றிய ஆணவம், உறுப்பு அன்று. கேவல நிலையில் உடம்பும் கருவிகளும் இன்றிக் கிடந்த காலத்தும் ஆணவம் நீங்கிற்றில்லை என்பதன்றோ நம் சித்தாந்தம்? உடம்பு முழுவதும் இல்லாதபோதே நீங்காத மலம், உடம்பின் ஓருறுப்பை அரிதலால் நீங்குமோ? விதையிழந்த குதிரை துறவியன்று.

அற்றேல், இதனை மறக்கருணை எனலாமோ எனின், அதுவும் ஆகாது. இறைவன் ஒறுப்பதும் அருளே என்பதைச் சிவஞான சித்தியார், பெற்றோர் பிள்ளையை அடித்துத் திருத்தும் உவமையால் விளக்குகின்றது. இறைவன் தனக்கென ஒன்று வேண்டாதவன். ஆகலின் அவன் ஒறுப்பு அருளாயிற்று. நமக்கோ உறக்கம் வேண்டும், வேலி உடையாதிருத்தல் வேண்டும், பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டும். இத்தனையும் வேண்டி நிற்பவன் தன் கத்திக்கு மறக்கருணை என்று பெயரிடுதல் பொருந்தாது. அக்குதிரையின் வினை அதுவென்றால் யாம் என் செய்வோம் என்பார்க்கும் இதுவே விடை. நோவு குதிரைக்குப் பிராரத்தமாயிருக்கலாம். நோவச் செய்தவனுக்கு அது ஆகாமியம். பிறவுயிரின் வினைக்கணக்கை நாம் எழுதித் தீர்த்தல் எங்ஙனம்?

இவ்வளவும் கூறிய பின்னர், "வேண்டா" என்ற விடையை ஏன் மாற்றினோம் என்று கேட்கலாம். அன்பர் எழுதிய இரண்டாம் மடலே காரணம். அவ்வூரில் ஆண்குதிரையை விதையடியாது வைத்திருப்போர் அதனைப் பெரும்பாலும் தனியே அடைத்தே வைக்கின்றனராம். குதிரையோ கூட்டமாக வாழும் இயல்பினது; ஒன்றன் கழுத்தை ஒன்று பல்லால் வருடிக்கொண்டு நிற்பதே அதற்கு இன்பம். அவ்வின்பத்தை மறுத்து, பெண்குதிரையின் வாடை மட்டும் காற்றில் வர, 25 ஆண்டோ 30 ஆண்டோ ஒரு சிறு கொட்டிலில் நிறுத்திவைப்பது எவ்வகைக் கருணை? கத்தி படாமையால் நம் கை தூயதென்று மகிழ்கின்றோம். விதை நீக்கியதோ பிற குதிரைகளோடு ஒரே புல்வெளியில் மேயலாம். யாம் முன்னர் காத்தது குதிரையை அன்று, எம் கையின் தூய்மையையே என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

அங்ஙனமாயின் பெண்குதிரையோடு சேர விடுக எனின், அங்குதான் கொலையென்னும் பெரும்பாவம் ஒளிந்து நிற்கின்றது. இவ்வினத்திற் சிலவற்றிடம் குருத்தெலும்பிற்குரிய மரபணுவில் திரிபு மறைந்துள்ளது. தாயும் தந்தையும் குறையின்றித் தோன்றினும், இருவரிடமும் அத்திரிபு இருந்தால் குட்டி கோணிய கால்களும் பிதுங்கிய தாடையுமாகப் பிறத்தல் கூடும். பிறவாது கருவிலேயே அழிதலும் உண்டு. மயிரின் வேரை ஆய்ந்து இதனை அறியலாம், அன்பர் ஆய்ந்திலர். உடல் சிறிதாகலின் பெண்குதிரைகள் ஈனும்போது படும் இடரும் மிகுதி. நலமாகவே பிறந்தாலும், வேண்டுவாரற்ற குட்டி ஏலத்திற்குப் போகின்றது. அந்நாட்டில் குதிரைகளை இறைச்சிக்காகக் கொன்ற கடைசிக் கொலைக்களங்கள் 2007-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அதன்பின்னரும் பல்லாயிரம் குதிரைகள் ஏலத்தில் வாங்கப்பட்டு, வண்டிகளில் அடைக்கப்பட்டு, மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் கொலைக்கு அனுப்பப்பட்டன. வீடு காட்ட இயலாத பிறவிக்கு வாயில் திறந்துவிட்டு, பின்னர் புலால் மறுத்தல் பேசுவது எங்ஙனம்? பிறக்கவேண்டிய உயிரைத் தடுத்தோமே என்று அஞ்சவேண்டா. வினைக்கேற்ற உடம்பை மாயையினின்று கூட்டுபவன் இறைவன். ஒரு கொட்டிலின் கதவை அடைத்தலால் அவன் தொழில் தடைப்படாது.

ஆகலின் விதையடிக்க என்றே அன்பருக்கு மறுபடி எழுதினோம். ஆயினும் சில கூறினோம். நோவு தெரியாவண்ணம் மயக்கமருந்திட்டு மருத்துவரே செய்தல் வேண்டும். ஈ மொய்க்கும் பருவம் ஆகாது. இசிவுநோய் வாராமல் முன்னரே ஊசியிடல் வேண்டும். குருதிப்பெருக்கும் வீக்கமும் நேர்வதுண்டு. குடல் சரிந்து உயிர் போதலும் அருகி நிகழ்வதுண்டு. அன்பர் இவற்றை அறிந்தே இசைதல் வேண்டும். அறுத்த பின்னும் சில கிழமை கருவுறுத்தும் ஆற்றல் நிற்குமாகலின் பெண்குதிரையினின்று விலக்கி வைத்தல் வேண்டும். கடிக்கும் பழக்கம் விதையோடு ஒருங்கே போய்விடுமென்று எண்ணுதல் தவறு. சிலவற்றிடம் ஆண்குதிரையின் குணம் பின்னும் நிற்கும். அதனைப் பொறுமையாகப் பழக்குவது அன்பர் கடன். விதையை நீக்கிவிட்டு மீண்டும் தனியே கட்டிவைப்பாராயின், அவர் செய்தது வெறும் ஊறே. துணைக்கு இன்னொன்றை வாங்க இயலாதாயின், துணையுள்ள இடத்திற்கு அதனைக் கொடுத்துவிடுக என்றும் எழுதினோம்.

இத்தனை செய்தாலும் பாவம் சிறிதும் இல்லையோ என்று அவர் கேட்டிருந்தார். இல்லையென்று எழுத எமக்கு மனம் வரவில்லை. எல்லாம் இறைவன் செயலென ஒப்புவித்துவிடலாம் என்பார் உளர். சிவஞானபோதப் பத்தாம் சூத்திரம் கூறும் இறைபணி நிலை, நம்மனோர்க்கு ஒரு மடல் எழுதும் பொழுதில் வாய்ப்பதன்று. எஞ்சிய சிறு வினை அவருக்கும், சொல்லிய எமக்கும் உரியது.

அன்னையார் இன்னும் முழுமனத்தோடு இசைந்திலர். ஆயினும் ஒன்று கேட்டனுப்பினார். கயிலைக்குச் செல்லுங்கால் சேரமான் பெருமாள் நாயனார் தம் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதினாரன்றோ. மருத்துவர் வரும் நாளில் யானும் இதன் செவியில் அதனை ஓதலாமோ என்பது அவர் வினா. ஓதுக, மயக்கமருந்து இடுவதற்கு முன்னரே ஓதுக என்று விடை எழுதினோம்.